பெராத் கோட்டைச் சுவரைப் படிப்பது எப்படி? முதன்முறை செல்வோருக்கான செய்முறை

அல்பேனியாவின் பெராத் நகரில், மலைமேல் நிற்கும் கோட்டையின் வயதை அறியத் தொல்லியல் படித்திருக்க வேண்டியதில்லை. கல்லின் அளவையும், கற்களுக்கு இடையே சாந்து இருக்கிறதா என்பதையும் பார்க்கத் தெரிந்தால், பெரும்பகுதி வரலாற்றைச் சுவரே சொல்லிவிடும்.

முதற்படியாக, மலையேறுவதற்கு முன் ஓசும் ஆற்றைக் கடந்து எதிர்க்கரையிலுள்ள கோரிட்சா பகுதிக்குச் செல்லுங்கள். 1780-இல் மரத்தால் கட்டப்பட்டு, 1920-களில் கல்லால் மீண்டும் எழுப்பப்பட்ட பாலம் அங்கே உள்ளது. அக்கரையில் நின்று பார்த்தால், மங்காலெம் பகுதியின் வெள்ளை வீடுகள் சரிவில் ஒன்றன் தோள்மீது ஒன்றாக ஏறுவதும், அவற்றின் உச்சியில் கோட்டை அமர்ந்திருப்பதும் ஒரே பார்வையில் அடங்கும். இந்த அமைப்பை மனத்தில் பதித்துக்கொண்டால் மேலே வழி தவறாது.

அடுத்து, மங்காலெம் வழியாக நடந்தே ஏறுங்கள். பாதையில் பாவிய கற்கள் தேய்ந்து வழுக்கும் என்பதால், பிடிப்புள்ள காலணி வேண்டும்.

மூன்றாம் படியே முதன்மையானது. வாயிலருகே வந்ததும் உள்ளே நுழைய அவசரப்படாதீர்கள். சுவரின் அடிப்பகுதியில், சாந்தே இல்லாமல் ஒன்றோடொன்று பொருத்தப்பட்ட பெரிய செதுக்குக் கற்களைத் தேடுங்கள். அவை கி.மு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அந்திபத்ரியா என்று அறியப்பட்ட இந்நகரை ரோமானியர் கி.மு. 200-இல் எரித்து, மதில்களை இடித்தபோதும் அடிக்கற்கள் எஞ்சின. கண்ணை மேலே உயர்த்தினால், கைக்கு அடங்கும் சிறு கற்களைச் சாந்து இட்டு அடுக்கிய, பைசாந்தியப் பேரரசு (கிழக்கு ரோமானியப் பேரரசு) காலக் கட்டுமானம் தொடங்கும். பெருங்கல் முடிந்து சிறுகல் தொடங்கும் அந்த எல்லையை விரலால் தொட்டுப் பாருங்கள்; விரலின் அகலத்துக்குள் பல நூற்றாண்டுகள் கடந்துவிடும். பின்னர் வாயிற்சுவரில் சிவப்புச் செங்கற்களால் பதித்த சிலுவையையும் எழுத்துகளையும் காணுங்கள்; அது 13-ஆம் நூற்றாண்டில் எபிரஸ் என்ற அரசை ஆண்ட மிக்கேல் கொம்னெனோஸ் தூக்காஸின் முத்திரை.

நான்காம் படியாக உள்ளே செல்லும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: இது ஆளற்ற இடிபாடு அன்று, மக்கள் வாழும் ஊர். தெருவோரச் சுவர்களில் குரோஷா பின்னல் விரிப்புகள் விற்பனைக்குத் தொங்கும். திறந்த கதவுக்குள் கேமராவை நீட்டுவது முறையன்று. 1797-இல் எழுந்த கன்னி மரியாள் பேராலயத்தில், 16-ஆம் நூற்றாண்டு ஓவியர் ஒனுஃப்ரியின் பெயரில் அருங்காட்சியகம் இயங்குகிறது. அவருடைய படங்களில் சிவப்பு நிறத்தை மட்டும் தனியாகக் கவனியுங்கள். அவருக்குப் புகழ் தேடித் தந்தது அதுவே. நேரம் குறைவாக இருந்தால், மற்றத் தேவாலயங்களுள் சரிவில் நிற்கும் தூய திரித்துவ ஆலயத்தை மட்டுமாவது பாருங்கள். அதன் செங்கல் வரிசைகளுக்கு இடையே கல் வைத்த நேர்த்தியைப் பார்த்தபின், வாயிலில் கண்ட பைசாந்தியச் சுவர் இன்னும் தெளிவாகப் புரியும். உதுமானியர் 1417-இல் கோட்டையைக் கைப்பற்றிய பின் எழுந்த சிவப்புப் பள்ளிவாசலில், செங்கல் மினாரின் ஒரு பகுதியும் அடித்தளமுமே இன்று மிஞ்சியுள்ளன. அருகிலுள்ள நிலத்தடி நீர்த்தொட்டியை எட்டிப் பார்த்தால், முற்றுகையின்போது மலையுச்சியில் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்பதற்கு விடை கிடைக்கும்.

இறுதியாக, மதிலின் விளிம்பிலிருந்து ஷ்பிராக் மலையைப் பாருங்கள். 1968-இல் அதன் சரிவில் சர்வாதிகாரி என்வெர் ஹோஜாவின் முதற்பெயரை ENVER என்று இலத்தீன் எழுத்துகளில் மாபெரும் அளவில் கற்களால் அமைத்தார்கள். 2012-இல் கலைஞர் அர்மாந்தோ லுலாய் முதல் இரண்டு எழுத்துகளை இடம் மாற்ற, பெயர் மறைந்து ‘நெவர்’ (NEVER) என்ற ஆங்கிலச் சொல் எஞ்சியது: ‘ஒருபோதும் இல்லை’.