கதவு தொங்காமல் இருக்க: கீல் வாங்குவது, பொருத்துவது, பராமரிப்பது

கதவு தரையை உரசினால் ‘கீல் போச்சு’ என்போம். பெரும்பாலும் கீல் நன்றாகத்தான் இருக்கும்; மேல் கீலின் ஸ்க்ரூ மரத்தில் பிடிப்பு இழந்திருக்கும். 40 கிலோ எடையும் 90 செ.மீ. அகலமும் உள்ள ஒரு கதவு, மேல் கீலைச் சுமார் 10 கிலோ விசையோடு எந்நேரமும் வெளியே இழுக்கிறது. கீழ்க் கீலை நிலைக்குள் அழுத்துகிறது. ஆகவே கீலுக்குச் செலவழிப்பவர்கள் ஸ்க்ரூவில் கஞ்சம் பிடிக்கக் கூடாது.

வாங்கும்போது

மும்பைக் கடைகளில் ‘கப்ஜா’ என்று கேளுங்கள். 7 அடி உயர, 35 மி.மீ. கனமுள்ள ஃப்ளஷ் (இருபுறமும் தட்டையான) கதவுக்கு 4 அங்குலக் கீல் மூன்று வேண்டும்; தகடு 3 மி.மீ. கனம் இருக்கட்டும். இரண்டு போதும் என்று மிஸ்திரி சொன்னால் கேட்காதீர்கள். கனமான கதவு, டோர் குளோசர் (கதவைத் தானே சாத்தும் கருவி) உள்ள கதவு என்றால் 5 அங்குல பால் பேரிங் கீல்.

கடலோரக் காற்றில் சாதா இரும்புக் கீல் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 என்ற ரகம் வாங்குங்கள். வொர்லி, வெர்சோவா போலக் கடலைப் பார்த்த வீடு என்றால் 316. காந்தம் வைத்துப் பார்த்து ‘ஒட்டவில்லை, அசல் 304’ என்று நம்ப வேண்டாம். மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. ஸ்க்ரூவும் அதே உலோகமாக இருக்கட்டும்.

பொருத்தும் முறை

1. கதவின் மேல் விளிம்பிலிருந்து 150 மி.மீ. கீழே ஒரு கீல், அடி விளிம்பிலிருந்து 200 மி.மீ. மேலே ஒன்று, மூன்றாவது நடுவில். கதவு கனம் என்றால் மூன்றாவதை மேல் கீலுக்கு 200 மி.மீ. கீழே கொண்டுவாருங்கள்; இழுவிசை அங்கேதான்.

2. கீலை வைத்துச் சுற்றிலும் கத்தி முனையால் கோடு கீறுங்கள். பென்சில் கோடு தடித்துவிடும். கத்திக் கீறலில் உளி தானாகவே உட்காரும்.

3. பள்ளத்தின் ஆழம் தகட்டின் கனத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். முதலில் உளியை நிறுத்தி, 5 மி.மீ.க்கு ஒரு வெட்டாகக் கொட்டாப்புளியால் லேசாகத் தட்டுங்கள். பிறகு உளியைப் படுக்க வைத்துச் சீவினால் மரம் செதில் செதிலாக வரும். அவசரப்பட்டால் ஒரே அடியில் 5 மி.மீ. போய்விடும்.

4. 8-ஆம் நம்பர், 32 மி.மீ. ஸ்க்ரூவுக்குத் தேக்கில் 3 மி.மீ. துளை, பைன் மரத்தில் 2.5. மரைக்குச் சோப்பு தடவுங்கள். சுத்தியலால் அடித்து இறக்கிவிட்டுக் கடைசியில் இரண்டு திருகு திருகுவதுதான் பாதிக் கதவுகள் தொங்கக் காரணம்.

5. ஒவ்வொரு கீலுக்கும் ஒரு ஸ்க்ரூ மட்டும் போட்டுக் கதவை ஆட்டிப் பாருங்கள். பக்கங்களிலும் மேலேயும் 3 மி.மீ. இடைவெளி சீராக இருந்தால் மீதியை முடுக்குங்கள். அளவு பார்க்க 3 மி.மீ. ஹார்டுபோர்டுத் துண்டு போதும்.

சாத்திய கதவு தானே திறந்துகொண்டால் பள்ளம் ஆழமாகிவிட்டது. வீட்டுக் கதவில் தகட்டுக்குப் பின்னால் கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி வைத்தால் சரியாகும். ஸ்க்ரூத் தலை துருத்திக்கொண்டிருந்தாலும் இதே கோளாறு வரும். மூன்று கீலின் பின்களும் (இரு தகடுகளையும் கோக்கும் கம்பிகள்) ஒரே நேர்கோட்டில் இல்லையென்றால் எண்ணெய் விட்டாலும் கிறீச்சொலி நிற்காது.

தீத்தடுப்புக் கதவு

இங்கே தகட்டுக்குப் பின்னால் அட்டை வைப்பது, தளர்ந்த ஸ்க்ரூத் துளையில் தீக்குச்சி செருகுவது போன்ற வைத்தியம் எதுவும் கூடாது. ஐஎஸ்ஓ 834 என்ற சர்வதேசத் தீச்சோதனைத் தரத்தின்படி, சோதனை உலையில் 60 நிமிடத்தில் வெப்பம் 945 டிகிரி செல்சியஸைத் தொடும். அலுமினியம் 660-லேயே உருகிவிடும். கீல் உருகினால் கதவு சரியும், புகை மாடிப்படியில் ஏறும். ஆகவே ஸ்டீல் கீல், குறைந்தது மூன்று. கதவோடு சோதித்துச் சான்று வாங்கிய அதே அளவு, அதே வகை. மாற்றும்போதும் அப்படியே. சான்றிதழில் தகட்டுக்குப் பின்னால் வெப்பத்தில் உப்பும் பட்டை சொல்லியிருந்தால் அதையும் போட வேண்டும். கீலுக்காக மரத்தைச் செதுக்கிய இடத்தில் நெருப்பு நுழையாமல் அது அடைக்கும்.

எந்தக் கோணத்தில் விட்டாலும் கதவு தானே சாத்தி, தாழ் விழ வேண்டும். பூந்தொட்டி வைத்துத் திறந்தே நிறுத்தினால் இத்தனையும் வீண்.

பராமரிப்பு

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்க்ரூக்களைக் கையால் முடுக்குங்கள். பின்னைக் கழற்ற முடிந்த கீலில், கதவுக்கு அடியில் ஆப்பு கொடுத்து ஒவ்வொரு பின்னாக எடுத்து, கறுப்புப் பசையை மண்ணெண்ணெயில் துடைத்துத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். தூசி சேர்ந்து பசையாகிவிடும். கீலுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் உலோகப் பொடி உதிர்ந்திருந்தால் உள்ளே தேய்கிறது என்று பொருள், மாற்றுங்கள்.

ஜூலையில் மரம் ஊறிக் கதவு இறுகினால் உடனே இழைப்புளியை எடுக்காதீர்கள். முதலில் மேல் கீலை முடுக்கிப் பாருங்கள். மழைக்காலத்தில் சீவிய கதவு டிசம்பரில் இளைத்து, இடுக்கு விரலளவு தெரியும். தீத்தடுப்புக் கதவை எப்போதுமே சீவக் கூடாது.