போர்ட் லூயியை ஒரு காலையில் நடந்து பார்க்க

ஊரிலிருந்து மொரீஷியஸுக்கு வரும் என் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் கடற்கரைதான் வேண்டும். தலைநகருக்கு ஒரு காலையைக் கொடுங்கள் என்று நான் விடாமல் சொல்வேன். சின்ன நகரம், நடந்தே பார்த்துவிடலாம். ஞாயிறு மட்டும் வேண்டாம், அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும்.

வெயில் ஏறுமுன் அடிலெய்ட் கோட்டைக்கு ஏறிவிடுங்கள். சிட்டாடெல் என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். 1810-இல் தீவைப் பிடித்த பிரிட்டிஷார் 1834-இல் இதைக் கட்டத் தொடங்கினார்கள். அடிமை முறை ஒழிவதை விரும்பாத பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் கலகம் செய்வார்களோ என்ற பயமும் அதற்கு ஒரு காரணம். மேலே நின்றால் ஊரின் அமைப்பு புரியும்: பின்னால் மலைகள், முன்னால் துறைமுகம். தென்கிழக்குக் காற்றை மலைகள் தடுப்பதால்தான் கப்பல்கள் இங்கே ஒதுங்கின. கீழே தெரிவது 1812-இல் தொடங்கிய குதிரைப் பந்தய மைதானம்.

அப்புறம் இறங்கி, பனை வரிசை நிற்கும் பிளாஸ் தார்ம் சதுக்கத்துக்கு வாருங்கள். துறைமுகத்துப் பக்கம் லா பூர்தொனே சிலை. 1735-இல் பிரெஞ்சு ஆளுநராக வந்து இந்தத் துறைமுகத்தை உருவாக்கியவர். 1746-இல் சென்னைக் கோட்டையைப் பிடித்தவரும் இவரே. புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களை இவர் இங்கே வரவழைத்தார். கரும்புக்கு ஆள் வருவதற்கு நூறு வருஷம் முன்பே நம்மவர் கைபட்ட ஊர் இது.

அடுத்து ஆப்ரவாசி காட், கூலிகள் வந்திறங்கிய முகாம். இங்கே அவசரப்படாதீர்கள். 1834 முதல் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் ஒப்பந்தக் கூலிகள் இந்தியாவிலிருந்து இத்தீவுக்கு வந்தார்கள். 1849-இல் கட்டிய இந்த முகாமில் ஓரிரு நாள் தங்கவைத்து, பிறகு தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். கற்படிகளைக் கீழே நின்று, வந்தவர்கள் பார்த்த திசையிலிருந்து பாருங்கள். முன்னோரைத் தேடுபவர்கள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துக்குப் போக வேண்டும்; குடியேற்றப் பதிவேடுகள் அங்கேதான் உள்ளன.

பசித்தால் பக்கத்துச் சந்தையில் தால் பூரி சாப்பிடுங்கள், இரண்டிரண்டாகத்தான் தருவார்கள். காசு கொடுக்குமுன் ரூபாய் நோட்டைப் பாருங்கள், அதில் தமிழ் இருக்கும். 1998-இல் இந்தியை அதற்கு மேலே போட்டு அச்சடித்தபோது இங்குள்ள தமிழர்கள் போராடினார்கள். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள்.

கடைசியாக, கோடான் நீர்முனையில் புளூ பென்னி அருங்காட்சியகம். 1847-இன் அபூர்வத் தபால் தலைகள் மங்காமலிருக்க, அசலுக்கு எந்நேரமும் விளக்கு எரியாது, இடையிடையே கொஞ்ச நேரம்தான் போடுவார்கள். அடுத்து எப்போது போடுவார்கள் என்று வாசலிலேயே கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள்.