ஒல்லிப் பையனுக்குச் சட்டை எடுக்கும்போது எங்கே தவறுகிறோம்?

சிங்கப்பூரில் பள்ளிச் சீருடையிலும் டீ-ஷர்ட்டிலும் நாளைக் கழிக்கும் பையனுக்கு முழுக்கைச் சட்டை திடீரென்றுதான் தேவைப்படும். உயர்நிலை 4 முடிந்ததும் வரும் கிராட் நைட் என்ற பிரியாவிடை விருந்து, மாமா வீட்டுக் கல்யாண வரவேற்பு, தமிழ் விவாதப் போட்டியின் இறுதிச்சுற்று, பாலிடெக்னிக் நேர்முகம் என்று ஏதாவது ஒன்று. பையன் உயரமாகவும் ஒல்லியாகவும் இருந்துவிட்டால் அன்று கடை கடையாக ஏறி இறங்க வேண்டியதுதான். கழுத்துக்குப் பொருந்துவது கைக்கு எட்டாது. கைக்கு எட்டுவது உடம்பில் கூடாரம் போட்டு நிற்கும். கடைச் சட்டையில் ஒரு சைஸ் கூடினால் நீளமும் அகலமும் சேர்ந்தே கூடுகின்றன. பதின்ம வயதுப் பையன் அப்படி வளர்வதில்லை. கையும் காலும் முதலில் நீளும். தோளும் மார்பும் அகல்வது அப்புறம்தான்.

நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு, "வளர்ற பிள்ளைதானே" என்று இரண்டு சைஸ் கூட்டி எடுப்பது. ஐந்து வயதில் இந்தக் கணக்கு பலிக்கும். பதினைந்தில் பலிக்காது. அடுத்த தீபாவளிக்குள் அவன் கை இன்னும் ஓர் அங்குலம் நீண்டிருக்கும், ஆனால் தோள் அந்தச் சட்டையை நிரப்பியிருக்காது. இன்றைக்கு லூசு, நாளைக்குக் கை குட்டை. நடுவில் சட்டை பொருந்திய நாள் என்று ஒன்று வராமலே போய்விடும். தேசிய சேவைக்குப் போய் வந்தால் உடம்பு எப்படியும் மாறிவிடும், பழைய சட்டை அப்போது பயன்படாது. ஆகவே அந்தக் காலம்வரை ஓட்டிவிடலாம் என்று எண்பது வெள்ளிக்குப் பெரிய சட்டை எடுப்பதைவிட, இன்றைய உடம்புக்குச் சரியாக நாற்பது வெள்ளியில் ஒன்று எடுப்பது மேல். இரண்டு மூன்று முறைதான் போடுவான். அந்த இரண்டு மூன்று முறையாவது நன்றாக இருக்கட்டும்.

முதலில் தோள், அப்புறம் மற்றதெல்லாம்

கண்ணாடி முன் நின்றதும் எல்லாரும் இடுப்பைத்தான் பார்க்கிறார்கள். இரண்டு பக்கமும் துணியைப் பிடித்து இழுத்து, "எவ்ளோ லூசு பாரு" என்று சட்டையைக் கழற்றச் சொல்லிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். இடுப்பில் இருக்கும் லூசைத் தையல்காரர் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடுவார். தோளில் தவறினால் கையைப் பிரித்து, வெட்டி, மறுபடி பொருத்த வேண்டும். அந்தக் கூலிக்கு வேறு சட்டையே வாங்கிவிடலாம்.

கையும் தோளும் சேரும் தையல், தோள் எலும்பு முடியும் இடத்தில் உட்கார வேண்டும். விரலால் தொட்டுப் பார்த்தால் அந்த முனை தெரியும். தையல் அதைத் தாண்டி மேற்கையில் இறங்கியிருந்தால் அந்தச் சட்டையை மறந்துவிடுங்கள், தள்ளுபடி எவ்வளவு இருந்தாலும் சரி. இப்போது பையன்கள் விரும்பும் ஓவர்சைஸ் சட்டைகளில் தோள் வேண்டுமென்றே இறக்கித்தான் தைக்கப்பட்டிருக்கும். நண்பர்களோடு வெளியே போக அது அழகுதான். டை கட்டி, பேண்ட்டுக்குள் இன் பண்ண அது ஆகாது.

கூடவே அக்குளைக் கவனியுங்கள். அக்குள் வளைவு மிகவும் கீழே இறங்கி வெட்டப்பட்ட சட்டை, நிற்கும்போது குற்றம் சொல்ல முடியாதபடி இருக்கும். கையைத் தூக்கினால்தான் குட்டு வெளிப்படும். எம்ஆர்டி ரயிலில் கைப்பிடியைப் பிடிப்பது போல ஒரு கையை மேலே தூக்கச் சொல்லுங்கள். சட்டை முழுவதும் பேண்ட்டிலிருந்து உருவிக்கொண்டு வந்தால், அன்று மாலை முழுக்க அவன் சட்டையைத் திணித்துக்கொண்டேதான் இருப்பான். பக்கத் தையலை எவ்வளவு பிடித்தாலும் இது சரியாகாது.

தோளுக்கு அடுத்தது கை நீளம். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது கஃப், அதாவது சட்டைக் கையின் நுனிப் பட்டை, மணிக்கட்டு எலும்பை மூடி, கட்டைவிரல் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னே நிற்க வேண்டும். முழங்கையை மடக்கினாலும் எலும்பு வெளியே எட்டிப்பார்க்கக் கூடாது. நீளம் கொஞ்சம் கூடினால் பரவாயில்லை, கஃப்பைப் பிரித்துக் குறைக்கலாம். குறைந்தால் கூட்ட வழியே இல்லை, ஏனென்றால் உள்ளே மடித்துவைத்த துணி கிடையாது. மெல்லிய மணிக்கட்டு என்றால் கஃப் நழுவி உள்ளங்கைக்கு இறங்கும். சட்டையே பெரிது என்று அதைப் பார்த்து முடிவுகட்ட வேண்டாம். பட்டனைக் கொஞ்சம் உள்ளே தள்ளித் தைத்தால் போதும்.

காலரில் மேல் பட்டனைப் போட்டபின் இரண்டு விரல் நுழைய வேண்டும். நான்கு விரல் நுழைந்தால், டையை இறுக்கும்போது காலர் சுருங்கிக் கழுத்தடியில் மடிப்பு விழும். அரை அங்குலம்வரை பட்டனை நகர்த்திச் சமாளிக்கலாம். அதற்கு மேல் நகர்த்தினால் காலரின் இரு முனைகளும் ஒன்றுக்கொன்று கோணிக்கொள்ளும். டை கட்டப்போவதில்லை என்றால் காலருக்காக இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, மேல் பட்டனைத் திறந்து விட்டுவிடலாம்.

லேபிளை நம்பி ஏமாறுவது

முஸ்தஃபா கடையில் இந்தியச் சட்டைகளைப் புரட்டினாலும் சரி, டிசம்பர் விடுமுறையில் சென்னையிலிருந்து வாங்கி வந்தாலும் சரி, "38" என்ற எண் ஒரு குழப்பம். சில சட்டைகளில் அது காலரின் சுற்றளவு, சென்டிமீட்டரில். வேறு சிலவற்றில் மார்பின் சுற்றளவு, அங்குலத்தில். காலர் 38 என்றால் 15 அங்குலக் கழுத்து. ஒல்லிப் பையனுக்கு அது பெரும்பாலும் பெரிது. போன முறை 38 பொருந்தியதே என்று அதே எண்ணை வேறு பிராண்டில் எடுப்பது கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுதான்.

"ஸ்லிம் ஃபிட்" என்ற சொல்லுக்கும் பொது அளவு எதுவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் ஸ்லிம், இன்னொன்றின் ரெகுலரைவிட அகலமாக இருக்கும். போதாததற்கு அது பெரும்பாலும் வளர்ந்த ஆணின் மார்பை வைத்து வெட்டப்பட்டது. லேபிளை விட்டுவிட்டு டேப்பை எடுங்கள். பையனின் மார்பைச் சுற்றி ஓர் அளவு. அப்புறம் சட்டையை மேசையில் விரித்து, பட்டனெல்லாம் போட்டு, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள்வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். உடம்பின் அளவைவிட ஏறக்குறைய 4 அங்குலம் கூடுதலாக இருந்தால் அளவான சட்டை. 7, 8 என்று போனால் ஒல்லி உடம்பில் தொங்கும். இணையத்தில் வாங்குபவர்களுக்கு இந்த அளவு இன்னும் முக்கியம். பல கடைகளில் சட்டையின் அளவையே இணையப் பக்கத்தில் போட்டிருப்பார்கள்.

சிறுவர் பிரிவில் தேடுவதா, ஆண்கள் பிரிவில் தேடுவதா என்று பலர் தடுமாறுகிறார்கள். உயரம் 165 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் சிறுவர் சட்டையின் உடல் நீளம் பெரும்பாலும் போதாது, குனிந்தால் இடுப்பு தெரியும். ஆண்கள் பிரிவில் எக்ஸ்எஸ் கேளுங்கள். அடுக்கில் இல்லாவிட்டாலும் இணையக் கடையில் இருக்கலாம். வெள்ளைச் சட்டைதானே என்று பள்ளிச் சட்டையையே போட்டு அனுப்புவதை மட்டும் செய்யாதீர்கள். அது பெட்டி போல வெட்டப்பட்டது. எந்தப் பேண்ட்டுடன் போட்டாலும் அசெம்பிளிக்குப் போவது போலத்தான் இருக்கும்.

பையனை வைத்துக்கொண்டு பேசுவது

அம்மா தனியாகப் போய் வாங்கி வருவது தவறு என்பது எல்லாருக்கும் தெரியும். அவனை அழைத்துப்போய், "இவனுக்கு உடம்பே இல்லீங்க, எதைப் போட்டாலும் ஹேங்கர்ல மாட்டுன மாதிரி இருக்கு" என்று கடைக்காரரிடம் சொல்வது அதைவிடப் பெரிய தவறு. சொன்ன அடுத்த நிமிடமே அவன், "இதுவே போதும்" என்று முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். அங்கே மல்லுக்கு நின்று பயனில்லை.

போட்டுப் பார்க்கும்போது டீ-ஷர்ட்டைக் கழற்றிவிட்டுப் போட வேண்டும், அன்று போடப்போகும் பேண்ட்டும் பெல்ட்டும் இருக்க வேண்டும். உட்காரச் சொல்லுங்கள். பட்டன்களுக்கு இடையே துணி வாய் பிளந்தாலோ, ஒரு பட்டனிலிருந்து நான்கு பக்கமும் சுருக்கம் ஓடினாலோ சட்டை டைட். ஒல்லியாக இருப்பதால் டைட்டாகப் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று நினைப்பதும் உண்டு. உண்மையில் ஒட்டிப்பிடிக்கும் துணி எலும்பைத்தான் காட்டும்.

துணியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பகலில் 31, 32 டிகிரி, கூடவே புழுக்கம். பளபளக்கும் பாலியெஸ்டர் அரை மணி நேரத்தில் முதுகில் ஒட்டிக்கொள்ளும். காட்டன், அல்லது காட்டன் அதிகமாக உள்ள கலப்பு. மெல்லிய வெள்ளை என்றால் உள்ளே பனியன்.

தையல்காரரிடம் போகும் முன்

வாங்கிய அன்றே ஆல்ட்டரேஷனுக்குக் கொடுத்துவிடுவது ஒரு தவறு. விலை குறைந்த காட்டன் முதல் சலவையில் நூற்றுக்கு 3 பங்கு சுருங்கினாலே 60 சென்டிமீட்டர் கையில் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் போய்விடும். ஒருமுறை துவைத்து, காயவைத்து, அயர்ன் பண்ணி, அப்புறம் கொண்டுபோங்கள்.

தேக்கா நிலையத்தின் மாடியில் தையல் கடைகள் இருக்கின்றன. வீட்டுப் பக்கத்துப் புளோக்குகளின் கீழேயும் ஆல்ட்டரேஷன் செய்பவர்கள் இருப்பார்கள். அங்கே போய், "சின்னதாக்கிக் கொடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். சிலர் பக்கத் தையலைப் பிடித்து, மிஞ்சிய துணியை வெட்டி எறிந்துவிடுவார்கள். ஆறு மாதத்தில் பையன் கொஞ்சம் சதை போட்டால் விட்டுக்கொடுக்கத் துணி இருக்காது. முதுகில் இரண்டு டார்ட் பிடிக்கச் சொல்லுங்கள். முதுகின் நடுப்பகுதியில் மேலிருந்து கீழாக மடித்துத் தைக்கும் அந்த இரண்டு தையலில் மட்டும் 2 அங்குலத்துக்கு மேல் குறையும். துணியை வெட்ட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். உடம்பு வைத்ததும் நூலைப் பிரித்தால் சட்டை பழையபடி விரியும். பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் தெரிந்தால், ஈரத்துணி வைத்து அயர்ன் பண்ணினால் காட்டனில் பெரும்பாலும் மறைந்துவிடும்.

தீபாவளிக்கென்றால் இதையெல்லாம் ஒரு மாதம் முன்பே முடித்துவிடுவது நல்லது. கடைசி வாரத்தில் தையல்காரர் கையில் ஊருக்கே பிளவுஸ் இருக்கும்.