சட்ட மாணவரைப் பயிற்சிக்கு எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

வெயில் ஏற ஏற வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் வெள்ளைச் சட்டை, கருப்பு பேண்ட் போட்ட புது முகங்களும் கூடிவிடும். காட்பாடி அரசு சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் கொஞ்சம் பேர். சென்னையிலும் பெங்களூரிலும் படித்துவிட்டு லீவுக்கு ஊர் திரும்பியவர்கள் கொஞ்சம் பேர். இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, தொண்டு நிறுவனங்கள், ஏழைகளுக்குக் கட்டணம் வாங்காமல் வழக்கு நடத்தும் வக்கீல்கள் என்று எங்கெங்கோ போய்ச் சேருவார்கள். வக்கீல் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள்படி மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம் பயிற்சி கட்டாயம். ஆனால் ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் கூடாது. நம்மிடம் வருகிறவர் ஒரு மாதத்தில் போய்விடுவார், கட்சிக்காரர், அதாவது வழக்கோடு நம்மிடம் வந்தவர், இங்கேயே இருப்பார். இதை மறந்துவிட்டு ஏற்பாடு செய்வதுதான் பாதித் தவறுகளுக்குக் காரணம்.

முதலில் தேதி. சிவில் வழக்கு மட்டுமே பார்க்கிற அலுவலகத்தில் மே மாதத்துக்கு நான்கு பேரைச் சேர்த்துக்கொள்வார்கள். சிவில் நீதிமன்றங்கள் அப்போது கோடை விடுமுறையில் இருக்கும். பிள்ளைகள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து போன் பார்த்துவிட்டுப் போவார்கள். மே மாதம்தான் என்றால் குற்றவியல் நடுவர் நீதிமன்ற வேலையோ, சட்ட உதவி மனு வேலையோ கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள். ஒருவருக்குத்தான் வேலை இருந்தால் ஒருவரையே எடுங்கள்.

அடுத்தது, என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு: கட்சிக்காரரை மாணவரிடம் தள்ளிவிட்டு வக்கீல் கோர்ட்டுக்குக் கிளம்பிவிடுவது. வழக்கு நடத்தும் உரிமை 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி பதிவு செய்த வழக்கறிஞருக்கு மட்டும்தான். ஆனால் குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்த அம்மாவுக்குக் கருப்புக் கோட்டு போட்ட எல்லோரும் வக்கீல்தான். “ஜீவனாம்சம் கண்டிப்பா கிடைக்கும்மா” என்று மாணவி ஆறுதலுக்குச் சொன்ன ஒரு வார்த்தையை அவர் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டு போவார். அதனால் முதல் சந்திப்பிலேயே நீங்களே சொல்லிவிடுங்கள்: “இந்தப் பொண்ணு படிக்கிற பிள்ளை, விவரம் எழுதிக்கும். என்ன செய்யலாம்னு நான்தான் சொல்லுவேன்.” மாணவர்கள் வக்கீல் மாதிரி கழுத்தில் வெள்ளைப் பட்டை கட்ட ஆசைப்படுவார்கள். அதையும் அனுமதிக்காதீர்கள்.

மேற்பார்வை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். இலவச சட்ட உதவி என்றதும் மாணவர்கள் வருமானச் சான்று கேட்கத் தொடங்குவார்கள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், பிரிவு 12இன்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. பீடி சுற்றும் பெண்ணைத் தேவையில்லாமல் தாலுகா அலுவலகத்துக்கு அலையவிட்டால் அவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். மாணவர் எழுதிய குறிப்பை அன்றைக்கே, கட்சிக்காரர் கிளம்பும் முன் பத்து நிமிடம் படித்தால் இது நடக்காது. அந்தப் பத்து நிமிடத்துக்கு நேரமில்லை என்றால் மாணவரே வேண்டாம்.

குறிப்பு எடுக்கிற விதத்தையும் சொல்லித் தர வேண்டும். பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து வருகிறவர் உருது கலந்து பேசுவார், ஆந்திர எல்லையோரத்துக்காரர் தெலுங்கு கலப்பார். மாணவர் எல்லாவற்றையும் பாடப்புத்தக ஆங்கிலத்தில் சுருக்கி எழுதிவிடுவார். “அடிச்சான், பாத்திரத்த வெளிய வீசினான்” என்பது “கொடுமைக்கு உள்ளானார்” என்று மாறினால் மனுவுக்குத் தேவையான விவரமே போய்விடும். அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள்.

ரகசியம் பற்றிச் சேரும் நாளிலேயே எழுத்தில் கையெழுத்து வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது. கேஸ் கட்டைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது இந்தத் தலைமுறைக்கு மூச்சு விடுவது மாதிரி. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 72இன்கீழ் இரண்டாண்டு வரை சிறை. பாதிக்கப்பட்டவர் குழந்தை என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் பிரிவு 23உம் சேர்ந்து வரும். கல்லூரிக்குக் கொடுக்கும் பயிற்சி நாட்குறிப்பிலும் பெயர், ஊர் இருக்கக் கூடாது. அப்புறம், நம் ஊர் வக்கீல் வட்டம் சின்னது. மாணவரின் மாமாவே எதிர்த்தரப்பு வக்கீலாக இருக்கலாம். முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் பயந்து ஜெராக்ஸ் எடுக்கவும் வாய்தா தேதி குறிக்கவும் மட்டும் விடுவது இன்னொரு கோடி. நாலு வாரத்தில் முடியக்கூடிய உருப்படியான வேலைகள் இங்கே நிறையவே உண்டு. தொரப்பாடி மத்திய சிறையில் இருக்கும் விசாரணைக் கைதிகள் விஷயத்தை எடுங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 479இன்படி, முன்பு தண்டனை பெறாதவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கும், மற்றவர்கள் பாதியும் காவலில் கழித்திருந்தால் ஜாமீன் கோரலாம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள் இதில் சேராது. தேதிகளை எடுத்துக் கணக்குப் போட மாணவரால் முடியும். ஆனால் அதே ஆள் மேல் வேறு வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தப் பிரிவு கை கொடுக்காது. அதைச் சரிபார்ப்பது நம் வேலை. (புதுச் சட்டத்தின் பிரிவு எண்கள் பிள்ளைகளுக்குத்தான் சட்டென்று வருகின்றன. நம்மில் பலருக்கு இன்னும் பழைய எண்தான் வாயில் வருகிறது.) சிறைக்குள் அழைத்துப் போவதென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள், வாசலில் நின்று போன் போடாதீர்கள்.

அணைக்கட்டு வட்டத்தில் பீஞ்சமந்தை மாதிரி ஜவ்வாது மலை ஊர்களில் பழங்குடி சாதிச் சான்றுக்கான விண்ணப்பங்களைத் தயார் செய்வதும் நல்ல வேலை. சான்று தருபவர் வருவாய்க் கோட்டாட்சியர், எந்தெந்த ஆவணம் கேட்பார்கள் என்று முதலில் விசாரித்து வரச் சொல்லுங்கள். மலைக்குத் தனியாக அனுப்பாதீர்கள், இருட்டுவதற்குள் கீழே இறங்கிவிட வேண்டும். பாலாற்றில் கலந்த தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எல்லா மாணவரும் படித்திருப்பார்கள். படித்ததோடு விடாமல் ஆற்றங்கரைக்கு ஒரு நாள் கூட்டிப் போங்கள், செலவு பஸ் காசுதான்.

பெண் பயிற்சியாளர்களின் பாதுகாப்பைத் தனிப்பட்ட நல்லெண்ணத்தில் விட்டுவிடக் கூடாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளம் இல்லாத பயிற்சியாளருக்கும் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைவான அலுவலகம் என்றால் புகார் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகும். இதை அவர்களிடம் சொல்லியே சேர்த்துக்கொள்ளுங்கள்.

வராத நாளுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். சில சமயம் அப்பாவே போன் செய்வார். கொடுக்காதீர்கள். நாட்குறிப்பையும் கடைசி நாளில் மொத்தமாகக் கையெழுத்துப் போடாமல் வாரத்துக்கொரு முறை படியுங்கள். கடைசி இரண்டு நாளைப் புது வேலை எதுவும் தராமல் ஒப்படைப்புக்கு ஒதுக்குங்கள்: யாரிடம் என்ன சொல்லப்பட்டது, யார் எந்தத் தேதிக்கு வர வேண்டும், எந்த மனு குறை சொல்லி கோர்ட்டிலிருந்து ரிட்டர்ன் ஆகியிருக்கிறது. முக்கியமாக, மூல ஆவணங்கள். ரேஷன் கார்டையும் பட்டாவையும் அவசரத்தில் மாணவர் பையில் போட்டிருப்பார், பை ரயிலேறிப் போய்விடும். அசல் எதையும் மாணவர் வாங்கக் கூடாது. குமாஸ்தா வாங்கிப் பதிவேட்டில் எழுதி, நகல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கட்டும்.