120 மின்பேருந்துகளுக்கு எவ்வளவு லித்தியம் வேண்டும்? கனிமத் தேவையைக் கணக்கிடும் முறை

லித்தியம், நிக்கல், கோபால்ட் போன்ற முக்கியக் கனிமங்களின் வருங்காலத் தேவையை மதிப்பிட, தொடக்க நிலையில் ஓர் எக்செல் தாளும் சற்றுப் பொறுமையும் போதும். 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து மாநகர் போக்குவரத்துக் கழகம் இயக்கத் தொடங்கிய 120 மின்பேருந்துகளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வோம்.

படி 1: எண்ணிக்கை. சாலையில் ஓடும் மொத்த வண்டிகளை அல்லாமல், அந்தந்த ஆண்டில் புதிதாக வருபவற்றையும், பேட்டரி மாற்றப்படுபவற்றையும் மட்டுமே எழுதுங்கள்.

படி 2: கொள்ளளவு. ஒரு பேருந்தின் பேட்டரி 200 கிலோவாட் மணி என்று வைத்துக்கொள்வோம்; நம் வீட்டு மின்கட்டணத்தில் வரும் ஒரு யூனிட்டும் ஒரு கிலோவாட் மணிதான். மொத்தம் 24,000 கிலோவாட் மணி.

படி 3: கனிம அளவு. ஒரு கிலோவாட் மணிக்கு லித்தியம் ஏறத்தாழ 0.1 கிலோ, ஆகவே 2.4 டன். ஆனால் சந்தையில் லித்தியத்தைப் பெரும்பாலும் லித்தியம் கார்பனேட்டுக்குச் சமமான எடையிலேயே குறிப்பிடுவார்கள், அதற்கு 5.32-ஆல் பெருக்கினால் சுமார் 12.8 டன் வரும். என் முதல் கணக்கில் தேவையை உலோக எடையிலும் உற்பத்தியைக் கார்பனேட் எடையிலும் எழுதிவிட்டு, உலகில் லித்தியம் கொட்டிக் கிடக்கிறது என்று ஒரு மாலை முழுவதும் மகிழ்ந்திருந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நிரலின் தலைப்பிலும் அலகை எழுதாமல் எண்ணைத் தொடுவதில்லை.

படி 4: பேட்டரியின் வேதியியல். கணிப்புகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான் என்பது என் கருத்து. நிக்கல் மிகுந்த பேட்டரியானால் ஒரு கிலோவாட் மணிக்கு ஏறத்தாழ 0.7 கிலோ வீதம் நம் பேருந்துகளுக்குச் சுமார் 17 டன் நிக்கல் வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையானால் நிக்கலும் கோபால்ட்டும் அறவே வேண்டாம். உலக மின்வாகனப் பேட்டரிகளில் இவ்வகையின் பங்கு, 2020-இல் இருந்ததைப்போல் இருமடங்குக்கு மேலாகி, 2023-இல் 40 விழுக்காட்டைத் தாண்டியது. எனவே ஒரே விடையை எழுதாமல், இவ்வகையின் பங்கு 40, 60, 80 விழுக்காடு என மூன்று வரிசைகள் போட்டு, மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

படி 5: மறுசுழற்சி. பழைய பேட்டரியிலிருந்து மீளும் கனிமத்தைத் தேவையிலிருந்து கழிக்கலாம். ஆனால் பேருந்து பேட்டரி எட்டு ஆண்டு உழைக்கும் என்று கொண்டால், 2025-இல் பூட்டியதை 2033-ஆம் ஆண்டின் வரிசையில்தான் கழிக்க வேண்டும்.