வீணையைச் சிந்தசைசரில் ஏற்றும்போது நேரும் தவறுகள்

வீணை ஒலியைப் பதிவு செய்து சிந்தசைசரில் ஏற்ற விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது லூப் போடுவதை, அதாவது ஒலியின் ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓட விடுவதைப் பற்றித்தான். ஆனால் பெரும்பாலான சாம்பிள்கள் (இப்படிப் பதிவு செய்த ஒலித்துண்டுகள்) அதற்கு வெகு முன்பே, பதிவறையிலேயே கெட்டுவிடுகின்றன.

ஒரு சாம்பிளை அதற்குரிய கட்டையில் அல்லாமல் வேறு கட்டையில் வாசித்தால், சிந்தசைசர் அதை வேகமாகவோ மெதுவாகவோ ஓட்டுகிறது. ஒரு ஸ்தாயி மேலே போனால் வேகம் இரு மடங்காகும். அப்போது ஸ்வரம் மட்டும் ஏறுவதில்லை, பதிவுக்குள் இருக்கும் அத்தனையும் ஏறும்.

தாளத் தந்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டுகளுக்கு மேலே ஓடும் தந்தியை மீட்டினால், பக்கவாட்டில் உள்ள இந்த மூன்றும் சேர்ந்து அதிரும். நேரில் கேட்க அது அழகு. ஆனால் அந்தச் சாம்பிளை மூன்று ஸ்வரஸ்தானம் (ஸ்தாயியின் பன்னிரண்டு படிகளில் மூன்று) மேலே வாசித்தால் சுருதியும் மூன்று ஸ்தானம் ஏறிவிடும். இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்துப் பிடித்தால் இரண்டு சுருதிகள் மோதும். எனவே பதிவுக்கு முன் தாளத் தந்திகளை மெல்லிய துணியால் அடக்கிவிடுங்கள். அவற்றைத் தனியாகப் பதிவு செய்து வேறு கட்டைகளில் வைத்துக்கொள்ளலாம். ஸ்வரத்தை அசைக்கும் கமகத்துக்கும் அறையின் எதிரொலிக்கும் இதே கதிதான். நிதானமாக அசைந்த காந்தாரம் மேல் ஸ்தாயியில் நடுக்கமாகிவிடும். ஸ்வரத்தை நேராக மீட்டிப் பதிவு செய்யுங்கள், அசைவை வாசிப்பவரின் இடது கையும் சுருதியை வளைக்கும் பிட்ச் வீலும் கொடுக்கட்டும்.

ஒரே சாம்பிளை ஸ்தாயி முழுவதும் இழுத்துப் பரப்புவதுதான் நான் அடிக்கடி கேட்கும் தவறு. உண்மையான வீணையில் எந்த மெட்டில் வாசித்தாலும் குடம் அதே குடம், அதன் அதிர்வு இடம் மாறாது. இழுத்த சாம்பிளில் குடமும் சுருங்கி விரிகிறது, மேலே போகப் போகப் பொம்மை வீணையின் குரல் வருகிறது. 24 மெட்டுகளையும் தனித்தனியாகப் பதிவு செய்வதே உத்தமம். நினைவகம் இடம் தராவிட்டால் மூன்று ஸ்தானத்துக்கு ஒன்று போதும், ஒவ்வொன்றும் ஒரு ஸ்தானம் மேலும் ஒன்று கீழும் மட்டுமே நகர வேண்டியிருக்கும்.

சாம்பிளின் தலைப்பகுதியில் 10 மில்லி நொடி மௌனம் மிஞ்சினாலும் விரலுக்குத் தெரியும். நொடிக்கு 44,100 மாதிரிப் புள்ளிகள் என்ற பதிவு வீதத்தில் அது 441 புள்ளிகள். அதை வெட்டுங்கள், ஆனால் நகம் தந்தியைத் தொடும் அந்த மெல்லிய ஓசையை வெட்டாதீர்கள், வீணையை அடையாளம் காட்டுவதே அதுதான். சுருதியை அளக்கும்போது மீட்டின் முதல் கணத்தை நம்பாதீர்கள். பலமாக மீட்டிய தந்தி தொடக்கத்தில் சற்றே ஏறி ஒலிக்கும், பிறகுதான் நிலைக்கும்.

மென்மையாகவும் பலமாகவும் மீட்டிய சாம்பிள்களை ஒவ்வொன்றாக உச்ச ஒலி அளவுக்கு உயர்த்துவது பெரும் கேடு. விரலின் கனத்துக்கும் ஒலிக்கும் இருந்த உறவு அங்கேயே அறுந்துவிடுகிறது. எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் உயர்த்துங்கள், பல ஸ்வரங்கள் ஒன்றுசேரும்போது உடைந்து ஒலிக்காதபடி மேலே இடமும் விடுங்கள்.

இனி லூப். மிகக் குறுகிய லூப் சுருதியைக் கெடுக்கும். 440 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தின் ஓர் அலையை 100 புள்ளிகளில் அடைத்தால் 441 ஹெர்ட்ஸ் கிடைக்கும், அதாவது ஏறக்குறைய 4 சென்ட் கூடுதல் (ஒரு ஸ்வரஸ்தானத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). பத்து அலைகளை 1,002 புள்ளிகளில் வைத்தால் பிழை அரை சென்டுக்கு இறங்கும். வீணையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒலி தேயும்போதே அதன் பளபளப்பும் மங்குகிறது, முன்கூட்டியே லூப் போட்டால் அந்த மங்கல் பாதியில் உறைந்து நிற்கும். இடம் இருந்தால் வீணைக்கு லூப்பே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. தவிர்க்க முடியாதபோது வால்பகுதியின் கடைசியில் போட்டு, மீதித் தேய்வைப் பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டரிடம் விடுங்கள்.

கோப்பை வேவ் அல்லது ஏஐஎஃப்எஃப் வடிவில் வையுங்கள். எம்பி3 தொடக்கத்தில் மௌனத்தைச் சேர்த்துவிடும். 48,000 வீதக் கோப்பைக் கருவி 44,100 என்று எடுத்துக்கொண்டால் ஸ்வரம் ஏறத்தாழ ஒன்றரை ஸ்தானம் இறங்கிவிடும். கோப்பின் பெயரில் சி3, சி4 என்று மேற்கத்திய ஸ்வரப் பெயரை எழுதாமல், அந்தக் கட்டைக்குரிய மிடி எண்ணை எழுதுங்கள். 60ஆம் எண்ணை யமஹா சி3 என்கிறது, ரோலண்ட் சி4 என்கிறது.