வன்னி வீடுகளில் கடின நீரைக் கையாளும் முறை

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் குழாய்க் கிணற்று நீரைப் பாவிக்கும் பல வீடுகளில் கேத்தலின் அடியில் வெண்படை படிவதும், சவர்க்காரம் நுரைக்காமல் திரிந்துபோவதும் நீரில் கரைந்துள்ள கல்சியம், மக்னீசியம் உப்புகளாலேயே ஏற்படுகின்றன. லீற்றருக்கு 180 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கடினத்தன்மை மிக அதிகமானதாகக் கொள்ளப்படும்.

கேத்தலைத் துப்புரவாக்க, படை மூழ்குமளவுக்கு வினாகிரியும் நீரும் சம அளவில் ஊற்றி, இளஞ்சூடாக்கி, அரை மணி நேரம் ஊறவிடுங்கள். படை கரையும்போது சிறு குமிழிகள் எழும்; அவை அடங்கிய பின்னும் படை எஞ்சியிருந்தால், புதிய கரைசலை ஊற்ற வேண்டுமேயன்றிக் கத்தியால் சுரண்டக் கூடாது. தேசிக்காய்ச் சாறும் உதவும், ஆனால் தடித்த படைக்கு அது வீண் செலவு. கிணற்றுக்கு இடும் குளோரின் தூளுடன் வினாகிரியை ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு வெளிவரும்.

துணி துவைக்கும் நீரில் முதலில் சிறிது சலவைச் சோடாவைக் கரைத்து, பின்னர் சவர்க்காரமிட்டால் அழுக்கு எளிதில் நீங்கும்.

குடிநீரைக் கொதிக்கவைத்துத் தெளியவிட்டால் இருகாபனேற்றுகளால் வரும் கடினத்தன்மை குறையும். சல்பேற்றுகளால் வருவது குறையாது. சில கிணற்று நீரில் கரைந்திருந்து, அளவு மிகுந்தால் சிறுவர்களின் பற்களில் கறையை உண்டாக்கும் புளோரைட்டும் அவ்வாறே நீங்காது, நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும். ஆகவே சிறுவர்களின் பற்களில் வெண்புள்ளியோ பழுப்புக் கறையோ தென்பட்டால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கூறி நீரைப் பரிசோதிப்பியுங்கள்.